நாலரை மாதக் குழந்தையைத் தாய்ப்பாலிலிருந்து பவுடர் பாலுக்கு மாற்றுவது எப்படி?

கொங்குநிலவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு நேற்றோடு நாலரை மாதம் நிறைவடைந்தது. பிறந்தபோது 2.9 கிலோ இருந்தவள் சென்ற வாரம் 6.4 கிலோ இருந்தாள். இன்றுவரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அவள் வாயில் பட்டதில்லை என்று சொல்லியிருப்பேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் செய்த முட்டாள்தனத்தால் இப்போது அப்படிச் சொல்ல முடியாது. அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 26 வாரப் பேறுகால விடுப்பில் 3 வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், இன்னும் மூன்றரை வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஏழாகிவிடும். பகலில் என் மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பம்பு வாங்கி இரண்டு வாரம் முயன்று பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிக்கு மேல் ஒருநாளும் வந்ததில்லை. மருத்துவரிடம் பேசிய பிறகு, பகல் நேரத்துக்குப் பவுடர் பால் என்று முடிவெடுத்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை, "எப்படியும் மாற்றத்தானே போகிறோம், ஒரே நாளில் மாற்றிவிடுவோம்" என்று காலையிலிருந்து இரவுவரை புட்டியிலேயே கொடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு முறை துப்பினாள், மூன்றாம் முறை பசி தாங்காமல் குடித்தாள். இரவு எட்டு மணிக்கு என் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. அக்குளில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது, கையைத் தூக்க முடியவில்லை. அழுதுகொண்டே அவளை எடுத்து மார்பில் போட்டேன். அவளுக்கோ மூன்று நாட்களாக மலம் இறுகிப் போயிருக்கிறது.

தாய்ப்பாலின் மேன்மையை நான் அறிவேன், ஆகவே அதைத் தயவுசெய்து விளக்க வேண்டாம். எவ்வளவு நாளில், எந்த வேளையிலிருந்து மாற்றுவது, மார்பு வலிக்கு என்ன செய்வது, புட்டியை அவள் ஏற்றுக்கொள்ள என்ன வழி என்பவற்றை மட்டும் அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி, முதலில் உங்களை நீங்களே முட்டாள் என்று சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். என் மூத்தவனுக்கு நானும் இதைத்தான் செய்தேன், அதுவும் வேலைக்குப் போன முதல் நாளன்றே. அலுவலகக் கழிவறையில் நின்றுவிட்டு, புடவை முந்தானையால் மார்பை மூடியபடி வீட்டுக்கு வந்த அந்த நாளை இன்றும் மறக்கவில்லை.

இரண்டாவது மகளுக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு நாளில் எத்தனை வேளை குடிக்கிறாள் என்று இரண்டு நாட்கள் தாளில் எழுதி வையுங்கள். அவற்றில் அவள் மிகக் குறைந்த ஆர்வத்தோடு குடிக்கும் வேளை ஒன்று இருக்கும்; எங்களுக்கு அது மதியம் பன்னிரண்டு மணி வேளை. அந்த ஒன்றை மட்டும் முதலில் பவுடர் பாலாக மாற்றுங்கள். நான்கு அல்லது ஐந்து நாட்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மார்பு அந்த வேளையில் கனப்பது தானாகக் குறைந்த பிறகு அடுத்த வேளைக்குப் போகலாம், ஆனால் ஒட்டி ஒட்டி இரண்டு வேளைகளை எடுக்கக் கூடாது. மதியம் எடுத்தால் அடுத்தது காலை பத்து மணியாகவோ மாலை நான்கு மணியாகவோ இருக்கட்டும். உங்கள் கணக்குப்படி பகலில் மூன்று அல்லது நான்கு வேளைதான் மாற்ற வேண்டும். மூன்றரை வாரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

அதிகாலை வேளையையும் இரவு வேளைகளையும் தொடவே தொடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில்தான் அதிகம், ஆகவே அந்த வேளைகள் இருக்கும்வரை பால் முழுவதுமாக வற்றாது. என் மகள் பகலில் புட்டியும் இரவில் மார்புமாகப் பதினான்கு மாதம்வரை குடித்தாள். "மாற்றுவது" என்றதும் ஒன்றை முழுக்க விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடிப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அதற்குத் தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து.

பச்சைப்புல்வெளி எழுதியது:

விளக்க வேண்டாம் என்று சகோதரி சொல்லிவிட்டபோதிலும் ஒன்றை எழுதாமல் போக மனம் வரவில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவுகளோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்களுக்கு ஆறு மாதத்துக்கு இடையில் இருப்பது ஒரு மாதமும் சில நாட்களும்தான்.

பம்பில் 40 மில்லி வருவது பால் இல்லை என்பதற்கு அடையாளமல்ல. குழந்தை இழுப்பதுபோல் எந்தக் கருவியும் இழுக்காது. குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போதே மறுபக்கத்தைக் கையால் பீய்ச்சிப் பாருங்கள், அளவு கூடும். மகப்பேறு நலச் சட்டத்தின்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பணி நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரத் தாயை அனுமதிக்க வேண்டும் என்ற விதி 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. கேட்டுப் பார்த்தீர்களா?

கொங்குநிலவு எழுதியது:

கேட்டேன். சட்டம் தெரிந்தேதான் கேட்டேன். "இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற பதிலை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் தோழியும் கேட்டிருக்கிறாள், அவளுடைய மகன் இப்போது நடக்கிறான். கையால் பீய்ச்சும் யோசனையை முயன்று பார்க்கிறேன், நன்றி. ஆனால் அது கிடைத்தால் மிச்சம் என்று வைத்துக்கொள்வேனே தவிர, அதை நம்பிக் குழந்தையைப் பசியோடு விட்டுப் போக மாட்டேன்.

வார்டுஅம்மா எழுதியது:

நான் மகப்பேறு வார்டில் செவிலியராக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மேலே நடக்கும் விவாதத்துக்குள் நான் போகவில்லை. வளரும் பிள்ளையின் தாய் மருத்துவரிடம் பேசி எடுத்த முடிவு அது. ஆனால் பால் கலக்கும் முறையைப் பற்றி இங்கு யாரும் எழுதாதது எனக்கு உறுத்துகிறது, ஏனெனில் வார்டுக்கு வரும் சிக்கல்களில் பாதி அடுப்படியில் தொடங்கியவை.

டப்பாவின்மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 1992-இல் வந்த குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும்கூடக் குற்றம். ஆகவே எது "நல்ல பிராண்டு" என்று யாரும் ஆசை காட்டினால் கேட்காதீர்கள். முதல் 6 மாதத்துக்கானது என்று குறிப்பிட்ட முதல் நிலைப் பவுடர், உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தது, காலாவதி தேதி கடக்காதது, அவ்வளவுதான் தேர்வு.

கலப்பதற்கு வருவோம். பவுடர் பால் கிருமியற்றது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் அல்ல. அரிதாக அதில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்னும் கிருமி சின்னக் குழந்தைக்கு உயிர் ஆபத்தை உண்டாக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைக் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வழிகாட்டியது. கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரும் வடிகட்டிய தண்ணீரும்கூடக் கொதிக்கத்தான் வேண்டும். கலந்த பிறகு புட்டியைக் குளிர்ந்த நீர் உள்ள கிண்ணத்தில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

முதலில் தண்ணீர், பிறகுதான் பவுடர். நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்று இருக்கும், ஆயினும் உங்கள் டப்பாவில் எழுதியிருப்பதே உங்களுக்குச் சட்டம். அந்த டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியை மட்டுமே பயன்படுத்துங்கள். குவியலாக அள்ளக் கூடாது, அழுத்தி நிரப்பவும் கூடாது. கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு மலம் இறுகியதற்கு முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். பவுடர் கூடினால் ஆட்டுப்புழுக்கைபோல் வரும். அளவு சரியாக இருந்தும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்; உங்களாக வெந்நீரோ கிரைப் வாட்டரோ கொடுக்காதீர்கள்.

குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். குழந்தையின் வாய் பட்ட பாலை எடுத்து வைத்து அடுத்த வேளைக்குச் சூடாக்குவது, விலையைப் பார்த்துப் பலரும் செய்யும் தவறு. வாய் படாத பாலும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது, புட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே நடுவில் உள்ள பால் நாக்கைச் சுட்டுவிடும்.

பேத்திசெல்லம் எழுதியது:

நான் பழைய காலத்து ஆள், தவறாக இருந்தால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகளும் பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, சங்கில் புகட்டி வளர்ந்தவர்கள். 400 கிராம் டப்பா நான்கு நாளுக்குக்கூட வருவதில்லை என்று என் மருமகள் சொல்கிறாள். இந்தச் செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? பசும்பால் கொடுத்தால் என்ன?

வார்டுஅம்மா எழுதியது:

அம்மா, உங்கள் கணக்கு சரிதான். 400 கிராம் பவுடரில் ஏறத்தாழ 3 லிட்டர் பால் கலக்கலாம். நாளுக்கு 800 மில்லி குடிக்கும் குழந்தைக்கு அது நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் ஒரு வயதுக்கு முன் பசும்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் உப்பும் அந்தச் சின்னச் சிறுநீரகத்துக்கு மிகையாக இருக்கும். தண்ணீர் விட்டு நீர்த்தால் உப்பு குறையும், கூடவே சக்தியும் குறைந்துவிடும். குழந்தை வயிறு நிறைந்து தூங்கும், எடை ஏறாது. செலவுக்குப் பயந்து பவுடரில் ஒரு கரண்டியைக் குறைத்துக் கலப்பவர்களுக்கும் இதுவே பதில். கட்டுப்படியாகாது என்றால் தாய்ப்பால் வேளைகளைக் கூட்டிப் புட்டி வேளைகளைக் குறைப்பதுதான் நேர்மையான சிக்கனம்.

நீங்கள் சொன்ன சங்கு மட்டும் இன்றும் செல்லுபடியாகும். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நாங்கள் பாலாடை என்னும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில்தான் புகட்டினோம். புட்டியைவிட அதைக் கழுவுவது எளிது, மூலைமுடுக்கு இல்லை.

இரவுக்காவலன் எழுதியது:

புட்டியை ஏற்க மறுக்கும் குழந்தையைப் பற்றி ஒரு தந்தையாக எழுதுகிறேன். எங்கள் மகன் ஐந்தாம் மாதத்தில் ஒன்பது நாட்கள் என்னோடு போராடினான். என் மனைவி அதே அறையில் இருந்தவரை ஒரு மிடறுகூட இறங்கவில்லை. மார்பின் மணம் மூக்கில் ஏறும்போது ரப்பரை எதற்குச் சப்ப வேண்டும் என்று அவன் நினைத்ததில் நியாயம் இருந்தது. பத்தாம் நாள் அவளை மாடிக்கு அனுப்பிவிட்டு, அவள் கட்டி அவிழ்த்த பருத்திப் புடவையை என் தோளில் போட்டுக்கொண்டு, அவன் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது கொடுத்தேன். 60 மில்லி குடித்தான். அன்று நான் அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறை.

பசி முற்றி அழும்போது புட்டியை நீட்டாதீர்கள், அந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. வழக்கமான வேளைக்கு அரை மணி முன்பு முயலுங்கள். நிப்பிளில் மிகச் சிறிய துளை உள்ளதைப் பொருத்துங்கள். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. குழந்தையைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் வைத்து, புட்டியைப் படுக்கைவசமாகப் பிடித்து, நிப்பிள் நிறையும் அளவுக்கு மட்டும் சாய்த்து, இருபது மிடறுக்கு ஒருமுறை எடுத்து மூச்சுவிடச் செய்யுங்கள். பால் தானாகக் கொட்டாமல் உழைத்துக் குடிக்கப் பழகினால், இரவில் மார்பிலும் சலிப்பில்லாமல் உழைப்பான். தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து போவது மட்டும் கூடவே கூடாது, புரையேறினால் பார்க்க ஆள் இல்லை.

உங்கள் வீட்டில் புகட்டப்போவது மாமியார் என்பதால் இன்றிலிருந்தே அவர் கையாலேயே கொடுக்கட்டும். நீங்கள் அந்த அரை மணி நேரம் தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மார்பு கல்லாகிப் போனதற்கு நம் பாட்டிமார் வைத்தியம் ஒன்றை யாரும் சொல்லவில்லையே. தொடுத்த மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும். பிள்ளையை இழந்த என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் கட்டினார்கள். பெரியம்மா அதன்பிறகு தலையில் மல்லிகை வைத்துக்கொண்டதே இல்லை. வெறும் நம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் 1988-இல் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆய்ந்து, பூவுக்கும் பாலைக் குறைக்கும் ஆற்றல் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள்.

வார்டுஅம்மா எழுதியது:

மல்லிகைப் பூ ஆய்வை நானும் அறிவேன், உண்மைதான். ஆனால் அது பாலை முழுவதும் நிறுத்த வேண்டியவர்களுக்கு உரியது. கொங்குநிலவு இரவு வேளைகளைக் காப்பாற்ற வேண்டும். அவர் பூவைக் கட்டினால் எதைக் காக்க நினைக்கிறாரோ அதையே இழப்பார்.

அவருக்கு வேண்டியது வேறு. மார்பு கனக்கும்போது வலி தணியும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்ச வேண்டும், முழுக்கக் காலி செய்தால் உடம்பு அடுத்த நாளும் அதே அளவைச் சுரந்து வைக்கும். தேங்கிய பாலே "இனிக் குறைத்துக்கொள்" என்று சுரப்பிக்குச் சொல்லும் செய்தி. பால் கொடுத்த பின் குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள்; தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போதும், இறுக்கினால் பால்குழாய் அடைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது பால் கட்டு மட்டுமல்ல, மார்பழற்சி. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலையிலும் பாலை வெளியேற்றுவதை நிறுத்தக் கூடாது, அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

கொங்குநிலவு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மதிய வேளையில் தொடங்கினோம். முதல் மூன்று நாட்கள் 20 மில்லி, 30 மில்லி என்று இழுபறியாகப் போனது. நான்காம் நாள் என் மாமியார் நிப்பிளைத் தூக்கி எறிந்துவிட்டு, பரணில் இருந்த வெள்ளிப் பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். என் கணவர் குடித்த பாலாடை அது. 80 மில்லியையும் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு குடித்தாள். ஒரு வாரம் கழித்துப் புட்டியையும் ஏற்றுக்கொண்டாள், ஏன் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. இப்போது பத்து மணி, ஒரு மணி, நான்கு மணி என்று மூன்று வேளை பவுடர் பால். மாலை நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே அவள் தலையைத் திருப்பப் போகிறாள் என்று ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. மலச்சிக்கலுக்குக் காரணம் வார்டுஅம்மா சந்தேகித்ததேதான்: ஞாயிற்றுக்கிழமை நான் ஒவ்வொரு கரண்டியையும் கோபுரமாகக் குவித்திருந்தேன்.

குழந்தை அழும்போது எத்தனை கரண்டி போட்டோம் என்பது மறந்துவிடுகிறது என்று மாமியார் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். அடுப்பு மேடையில் ஒரு கிண்ணத்தில் நான்கு புளியங்கொட்டை. ஒரு கரண்டி விழுந்தால் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். பவுடரைத் தொட்ட கை கொட்டையைத் தொடக் கூடாது என்று என் மாமனாருக்கு அந்த வேலை.

கடைசியாக இரண்டு சந்தேகங்கள். மலம் பச்சை கலந்த பழுப்பாக, முன்பைவிட நாற்றத்தோடு வருகிறது, இது சரியா? அடுத்த மாதம் பழனிக்குப் போகிறோம், கலந்த பாலைப் பிளாஸ்கில் எடுத்துப் போகலாமா?

வார்டுஅம்மா எழுதியது:

நிறமும் நாற்றமும் பவுடர் பாலுக்கு இயல்பே. இரத்தம், சளி, நீராகப் பலமுறை போவது ஆகியவை இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறாளா என்று பாருங்கள், அது குடிப்பது போதுகிறது என்பதற்கு அடையாளம்.

கலந்த பாலைப் பிளாஸ்கில் எடுத்துப் போகக் கூடாது. அந்த இளஞ்சூடு கிருமி பெருகுவதற்கென்றே அமைந்த சூடு. கொதிக்கவைத்த தண்ணீரை மட்டும் நல்ல பிளாஸ்கில் சூடாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு உரிய பவுடரை அளந்து, ஈரமில்லாத சின்ன டப்பாக்களில் தனித்தனியாகப் போடுங்கள். கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்த புட்டிகளை மூடியோடு இரண்டு கூடுதலாகவே வையுங்கள். பெரிய பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015 முதல் இருக்கின்றன, உட்கார்ந்து கலப்பதற்கும் அது பயன்படும். நீங்கள் உடன் போவதால், பயணத்தின்போது மார்பிலேயே கொடுத்துவிட்டால் இந்த மூட்டையில் பாதி குறையும். புளியங்கொட்டைக் கிண்ணத்தை மட்டும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.